தனி டோக்கன்

ஜனவரி 10, செவ்வாய்

பை திருட்டுப் போய்விட்டது.

மதுரையில், ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் டூவீலர் ஸ்டாண்டில் நடந்தது. வண்டியின் கேரியரில் வைத்து ரப்பர் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தேன். நானும் என் வீட்டுக்காரி சந்தனமாரியும் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கயிறு அறுந்து கிடக்கிறது, பையைக் காணோம். சந்தனமாரி பையைக் கையில் எடுத்துக்கொள்ள மறந்துவிட்டாள்.

பையில் அவளுடைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், விருதுநகர் டாக்டர் கொடுத்த கடிதம் எல்லாம் இருந்தன. அவற்றைத் திரும்ப வாங்கிவிடலாம். கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அவள் வயிற்றுக் கட்டியிலிருந்து எடுத்த சதையை மெழுகில் பதித்து அதில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். அதை மதுரையில் இன்னொரு தடவை பார்த்து, இன்ன வகைப் புற்றுநோய் என்று உறுதி செய்த பிறகுதான் மருந்து ஏற்றுவார்களாம். அது இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். நகை இருந்ததா, பணம் இருந்ததா என்று ஏட்டு கேட்டார். சதை இருந்தது என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் இருபத்திரண்டு வருடமாக விருதுநகர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வண்டி ஸ்டாண்டு நடத்துகிறேன். என் ஸ்டாண்டில் ஒரு ஹெல்மெட் காணாமல் போனதில்லை. இதை அந்த ஏட்டிடமும் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 11, புதன்

மச்சான் தவசிமுத்து வந்தார். சந்தனமாரியின் அண்ணன். பஜாரில் எண்ணெய்க் கடை வைத்திருக்கிறார். வந்ததும் வராததுமாக, "பை எப்படி மாப்ள போச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"மாரி கையில எடுக்க மறந்துட்டா மச்சான்" என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்து, "ஆமாண்ணே, மறந்துட்டேன்" என்றாள்.

"உசுரக் கொண்டுபோய் வண்டியில கட்டிப் போட்டுட்டு இட்லி திங்கப் போனியாக்கும்? ஏ மாரி, உனக்குக் கூறு இருக்கா?"

அவர் நிறுத்தவில்லை. வண்டிக்குக் காற்று அடிக்க வேண்டியிருந்ததால் நான் வெளியே போய்விட்டேன். நேற்றுத்தான் அடித்தது. ஆனாலும் பார்த்துக்கொள்வது நல்லது.

ஜனவரி 12, வியாழன்

தனியாக மதுரைக்குப் போனேன். திருடனுக்கு மெழுகுக்கட்டி எதற்கு, எங்காவது வீசியிருப்பான் என்று பட்டது. ஸ்டாண்டைச் சுற்றி நாலு தெருவில் சாக்கடை, குப்பைத்தொட்டி ஒன்று விடாமல் கிளறினேன். ஒரு தொட்டியில் பழைய ஸ்கேன் படம் கிடைத்தது. யாரோ ஒரு சுப்புலட்சுமியுடையது, வயது 61.

அந்த ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும் ஆள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். நான் அடுத்த தொட்டிக்குப் போய்விட்டேன்.

ஜனவரி 13, வெள்ளி

நம்மூர் லேபில் மிச்சம் எதுவும் இல்லையாம். எடுத்ததை எல்லாம் கொடுத்துவிட்டார்களாம். மறுபடியும் ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டும். பொங்கல் விடுமுறை கழித்து வரச் சொன்னார்கள்.

ஜனவரி 16, திங்கள்

மாட்டுப் பொங்கல். ஊருக்குப் போகிறவர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போவதால் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. உடம்பு முடியாது, வராதே என்று சொல்லியும் சந்தனமாரி பன்னிரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை எப்போதும் அவள் முறைதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்ய என்று ஆரம்பத்தில் வந்தவள், பிறகு பை வாங்கி வைக்கும் வேலையைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டாள். பையை வண்டியில் விட்டுப் போக யாரையும் சம்மதிக்க மாட்டாள். கேட்டு வாங்கி, தகரத் துண்டில் பெயின்டால் அவளே எண் எழுதிய தனி டோக்கன் ஒன்றைக் கொடுத்து, பையை உள்ளறை ரேக்கில் வைப்பாள்.

இன்று அவளிடம் பதினேழு பை இருந்தன. கொடுத்தவர் முகத்தைப் பார்த்தாலே டோக்கன் கேட்காமல் சரியான பையை எடுத்துக் கொடுக்கிறாள்.

ஜனவரி 25, புதன்

நேற்று மறுபடி சதை எடுத்தார்கள். இந்தத் தடவை ரொம்பவே வலித்ததாம். சத்தம் போடாமல் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சட்டைத் தையல் விட்டுப் போயிருக்கிறது.

பிப்ரவரி 1, புதன்

ஊசி போட்ட இடம் சீழ் பிடித்துக் காய்ச்சல். காய்ச்சல் நிற்காமல் மருந்து ஏற்ற முடியாதாம். மச்சான் வந்து கட்டிலருகே நின்றார். "அந்தப் பைய மட்டும் நீ கையில வச்சிருந்தா இந்நேரம் மூணு ஊசி ஏறியிருக்கும். இல்லையா மாப்ள?" என்று என்னைக் கேட்டார். நான் மாத்திரைச் சீட்டைத் தேடினேன்.

பிப்ரவரி 9, வியாழன்

சதைப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, காய்ச்சலும் நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமைதோறும் வரச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மா புது ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே, "முதல்ல வந்தப்பவே ஆரம்பிச்சிருந்தா கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

வண்டிக்குப் பெட்டி அடித்தாயிற்று. கனத்த தகடு. வெல்டிங் பட்டறையில் காலையிலிருந்து கூடவே நின்று செய்யச் சொன்னேன். பெட்டியைக் கேரியரோடு பிடிக்கும் போல்ட்டுகளின் நட்டு எல்லாம் பெட்டிக்கு உள்பக்கம். வெளியிலிருந்து எந்த ஸ்பேனர் போட்டாலும் கழற்ற முடியாது. பூட்டு மாட்டும் கொண்டியின் மேல் ஒரு மூடி வைத்துப் பற்றவைத்தோம். பூட்டை வெட்டுகிற கத்தரியின் வாய் உள்ளே நுழையாது. இரண்டு பூட்டு. போதாததற்கு ஒரு சங்கிலியைப் பெட்டியின் காதுக்குள் விட்டு வண்டியின் சட்டத்தோடு சுற்றினேன். கேரியரையே கழற்றினாலும் பெட்டி வண்டியை விட்டுப் போகாது.

பெட்டியின் மூலையில் சிணுங்குகிற மணி ஒன்றைக் கட்டலாமா என்றும் யோசித்தேன். சந்தனமாரி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "என்னையும் உள்ள வச்சுப் பூட்டிக் கொண்டுபோயிருங்க" என்றாள். சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

பிப்ரவரி 14, செவ்வாய்

முதல் ஊசி. காலை எட்டிலிருந்து மூன்று மணி வரை. மச்சான் கார் அனுப்புகிறேன் என்றார், அவள் கேட்கவில்லை. காருக்குள் டீசல் வாடை குமட்டுகிறதாம். வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் முகத்துக்குக் காற்று வருகிறதாம். நாற்பத்தைந்து கிலோமீட்டரும் என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டே வந்தாள்.

அந்த ஸ்டாண்டில் வண்டியை விடவில்லை. ஆஸ்பத்திரி வாசல் மரத்தடியில் நிறுத்திவிட்டு அரை மணிக்கு ஒரு தடவை இறங்கி வந்து பூட்டைப் பார்த்தேன். ஏழு மாடி, லிப்டில் நோயாளிகளை மட்டும்தான் ஏற்றினார்கள். "பையத்தான் மடியில வச்சிருக்கேனே, காலிப் பெட்டிக்கு எதுக்கு ஓடுறீக? பக்கத்துல உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்து போனேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

இரண்டாவது ஊசி. திரும்பி வரும்போது கள்ளிக்குடி தாண்டியதும், "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று முதுகில் தட்டினாள். வாந்தி எடுக்கும் கவர், தண்ணீர் பாட்டில், துண்டு எல்லாமே பெட்டிக்குள். முதல் பூட்டு திறந்தது. இரண்டாவது பூட்டில் நான் வைத்த மூடி நெருக்கியதில் சாவி திரும்பவில்லை.  லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. அவள் ரோட்டோரம் குத்தவைத்து, தன் முந்தானையிலேயே எடுத்தாள்.

வாயைத் துடைக்க வேண்டிய துண்டு பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

பூட்டு திறந்தபோது அவள் எழுந்து நின்றுவிட்டாள். "நல்ல பூட்டுங்க" என்றாள். கேலியாகச் சொன்னாளா, எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா என்று இன்னமும் தெரியவில்லை.

பிப்ரவரி 27, திங்கள்

சந்தனமாரி இந்த டைரியைப் படித்துவிட்டாள்.

பருப்பு மில்காரர்கள் வருடாவருடம் கொடுக்கும் டைரி இது. ஸ்டாண்டு மேஜையில்தான் கிடக்கும். இன்று பகலில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். நான் வண்டிகளை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தபோது டைரி அவள் மடியில் விரிந்திருந்தது. அவள் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"இதுலயும் அப்படித்தான் எழுதியிருக்கீகளா?" என்று கேட்டாள்.

டைரியை மூடி மேஜை மேல் வைத்தாள். ஒருத்தர் பை கொடுக்க வந்தார். வாங்கி, டோக்கன் கொடுத்து, ரேக்கில் வைத்தாள்.

பிப்ரவரி 28, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அன்று அந்த ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் டோக்கன் கொடுக்கும் ஆள் பையைப் பார்த்தான். "பைய வண்டியில விடாதீங்கண்ணே. தனி டோக்கன் போட்டு உள்ள வச்சிருவோம்" என்றான். "நானும் ஸ்டாண்டுக்காரன்தான்ப்பா. இருபத்திரண்டு வருசம். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றேன். தொழில்காரனுக்குத் தொழில்காரன் ஒரு மரியாதை இருக்கும், என் வண்டியை இவன் தனியாகக் கவனித்துக்கொள்வான் என்று ஒரு மிதப்பு. அவன் சரிண்ணே என்று போய்விட்டான். அவன் பார்க்க இருநூறு வண்டி இருந்தது.

சந்தனமாரி இறங்கியதும் கயிற்றை அவிழ்க்கப் போனாள். "நான் கையிலயே வச்சுக்கிறேங்க" என்றாள். அவன் முன்னால் என் பெண்டாட்டியே என் பேச்சை நம்பாத மாதிரி எனக்குப் பட்டது. "கயித்துல கைய வைக்காத. ஸ்டாண்டுக்குள்ள எவன் தொடப் போறான்? எனக்குத் தெரியாதா, உனக்குத் தெரியுமா?" என்று அதட்டினேன். அவள் கையை எடுத்துவிட்டாள். சாலையைக் கடக்கும்போது ஒரு தடவை திரும்பி வண்டியைப் பார்த்தாள்.

அவள் மறக்கவில்லை. நான்தான் விடச் சொன்னேன். பிறகு, அவள் மறந்துவிட்டாள் என்று சொன்னேன். போலீசில், மச்சானிடம், இந்த டைரியில், எல்லா இடத்திலும் சொன்னேன். அவள் ஒரு இடத்திலும் இல்லை என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வருவார். அவள் முன்னாலேயே சொல்லிவிடுவேன்.

மார்ச் 5, ஞாயிறு

மச்சான் வந்தார். நாட்டுக்கோழி சூப் கொண்டுவந்திருந்தார். அவள் இரண்டு வாய் குடித்தாள். அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். "எல்லாம் அந்தப் பையால வந்தது. எப்படி ஏ மறந்த? மாப்ள, நீங்களே சொல்லுங்க, எப்படி மறந்தா?"

நான் வாயைத் திறந்தேன். "மச்சான், அது வந்து..."

"ஏங்க, தண்ணி கொண்டாங்க" என்றாள் சந்தனமாரி.

அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வருவதற்குள் அவள் பேச்சை முடித்துவிட்டாள். "என் மறதிதாண்ணே. எத்தனை தடவை கேப்ப? விடு" என்று சொல்வது காதில் விழுந்தது. தண்ணீரை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.

அவர் போன பிறகு, எதற்குத் தடுத்தாய் என்று கேட்டேன்.

"நான் இன்னும் எத்தன நாளைக்கு? நீங்கதான் அந்த ஸ்டாண்டுல உக்காரணும். ஸ்டாண்டுக்காரனே பையத் திருட்டுக் குடுத்தான்னு பஜார்ல பேச்சு வந்துட்டா, நாளைக்கு எவன் நம்ம கிட்ட வண்டி விடுவான்?"

 இதையும் எழுதிவிட வேண்டும். தண்ணீர் எடுக்க அடுக்களைக்குள் போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மார்ச் 14, செவ்வாய்

அவளால் இனி வண்டியில் உட்கார முடியாது. மச்சானின் காரில் போனோம். பையை டிக்கியில் வைத்தோம். சங்கிலி, பூட்டு, எதுவும் தேவைப்படவில்லை. ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு வந்தாள். திருமங்கலத்தில் மச்சான் மறுபடி பை பேச்சை எடுத்து, பின்பக்கம் தெரியும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

மார்ச் 21, செவ்வாய்

வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 24, வெள்ளி

மச்சானின் மனைவி வந்து கூட இருக்கிறார். சந்தனமாரியின் உடம்பைத் துடைத்துவிட்டு, புதுச் சேலை உடுத்திவிட்டார். பகலில் கண்ணைத் திறந்து, "ரேக்குல யாரு பையாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை, எல்லாம் வாங்கிப் போய்விட்டார்கள் என்றேன். "பார்த்துக் குடுங்க. மாத்திக் குடுத்துறாதீக" என்றாள்.

மார்ச் 26, ஞாயிறு

காலை பத்தே காலுக்கு.

ஏப்ரல் 3, திங்கள்

பங்குனிப் பொங்கல். ஊரே தீச்சட்டி எடுத்துக்கொண்டு போகிறது. கொட்டுச் சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. ஸ்டாண்டு பூட்டிக் கிடக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் பொங்கலன்று பூட்டியது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 10, திங்கள்

கருமாதி முடிந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் அவளுடைய சித்தி முறை ஆகிற ஒரு அம்மாள், "பாவி மக, ஒரு பைய மறந்து உசுர விட்டுட்டாளே" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நான் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாளியைக் கீழே வைத்தேன்.

"அவ மறக்கல. எடுத்துக்கிறேன்னு சொன்னா. நான்தான் அதட்டி வண்டியில விட வச்சேன். பொய் சொன்னதும் நான்தான்" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.  அந்த அம்மாள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து யாரோ ரசம் கேட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு மச்சான் வாசலில் என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். பெட்டியின் பூட்டைக் கையால் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலில் விழவும் தயாராக இருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"தெரியும் மாப்ள" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நீங்க மொதல்ல சொன்ன அன்னைக்கே தெரியும். ஊரான் பையப் பூராம் இருபது வருசமா ஒண்ணு மாறாமப் பார்த்தவ, தன் பைய மறப்பாளா? சின்னப் பிள்ளையில பள்ளிக்கூடத்துக்கு என் பையையும் அவதான் மறக்காமத் தூக்கிட்டு வருவா."

"பெறகு எதுக்கு மச்சான் அவள வஞ்சீக? ஒவ்வொரு தடவையும் வஞ்சீகளே."

"நீங்க சொல்லுவீகன்னுதான். அவ காது கேக்கச் சொல்லணும்னுதான் அவள வச்சுக்கிட்டே உங்களக் கேட்டேன். அவ வசவு வாங்குறதப் பார்த்தா உங்களுக்குப் பொறுக்காதுன்னு நெனச்சேன்." அவர் பூட்டை விட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பொறுத்துக்கிட்டீக மாப்ள."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவரும் அழுதார். சாகக் கிடந்த தங்கையை அவரும்தான் வைதிருக்கிறார். அதற்கும் காரணம் நான்தான். அவள் இருந்தபோது இதே வார்த்தைகளைச் சொல்ல எனக்கு எழுபத்தைந்து நாள் இருந்தது. இன்று சொல்ல அரை நிமிஷம் ஆனது.

ஏப்ரல் 11, செவ்வாய்

பட்டறைக்குப் போய்ப் பெட்டியைக் கழற்றச் சொன்னேன். பாட்டில் தண்ணீர் கசிந்ததில் நட்டெல்லாம் உள்பக்கம் துருப்பிடித்து இறுகியிருந்தது. அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே அந்தத் துண்டு மடித்தபடி இருந்தது.

ஏப்ரல் 12, புதன்

ஸ்டாண்டைத் திறந்தேன். பஜாரில் பேச்சு பரவியிருக்கும். பத்து மணி வரை நாலு வண்டிதான் வந்தது.

பன்னிரண்டரைக்கு ஒரு பெண் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு டோக்கன் வாங்கினாள். வண்டியின் முன்கொக்கியில் ஒரு துணிப்பை தொங்கியது. அதை எடுத்துக் கொடுங்கள் என்றேன்.

"வெறும் காய்கறிதான் அண்ணே. வண்டியிலயே இருக்கட்டுமே, எவன் எடுக்கப் போறான்?"

"இல்லம்மா, விடக் கூடாது. குடுங்க, உள்ள வைக்கிறேன். வீட்டுல சத்தம் போடுவாக" என்றேன்.

அவள் சிரித்துவிட்டுப் பையைக் கொடுத்தாள். ஆணியில் தொங்கிய தகர டோக்கன்களில் முதலாவதை எடுத்துக் கொடுத்தேன். சந்தனமாரியின் கையெழுத்து, சிவப்புப் பெயின்ட், எண் ஒன்று. பையை ரேக்கில் வைத்துவிட்டு, அவள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து நாலு மணி வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.